உடுத்த துணியில் எழுதுவோர் யார்?

துணி என்ற சொல்லுக்குத் துணிக்கப்பட்டது என்பது பொருள். அறுவை என்பதும் அவ்வாறே, அறுக்கப்பட்டதனால் அறுவையாயிற்று. தறியில் நீண்டு வரும் நெசவை ஒருவர் உடுப்பதற்குப் போதிய அளவு பார்த்து வெட்டி எடுத்தலால் நம் முன்னோர் இப்பெயர்களை இட்டனர். சங்கப் புலவருள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொருவர் உளர். துணி விற்றவர் பாட்டும் இயற்றினார் என்பதற்கு அவர் பெயரே சான்று. உலகாளும் வேந்தனாயினும், காட்டில் விலங்கு தேடித் திரியும் வேடனாயினும், உடலுக்கு வேண்டிய துணி ஒரே அளவினதே என்ற கருத்தை நக்கீரனார் புறநானூற்றுப் பாட்டொன்றில் வைத்தார். உடலின் தேவை அவ்வளவே. ஆயினும் அச்சிறு துணியின்மீது உலகம் ஏற்றிவைக்கும் சுமையோ பெரிது.

அச்சுமை எத்துணைப் பெரிது என்பதை நம் நாட்டின் அண்மைக்காலச் செய்திகளே காட்டுகின்றன. 2018ஆம் ஆண்டிலே திருகோணமலையில் மகளிர் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரலாமா என்பது பெரும் பிணக்காக மூண்டது. 2019 மே மாத இறுதியில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்து ஐந்து வாரங்கள் கழிந்த நிலையில், அரசாங்க அலுவலகங்களிலே பெண்கள் சேலை அல்லது ஓசரி உடுத்தல் வேண்டும், ஆண்கள் காற்சட்டையும் மேற்சட்டையும் அல்லது தேசிய உடை அணிதல் வேண்டும் எனச் சுற்றறிக்கையொன்று வெளிவந்தது. எதிர்ப்பு எழவே அது பின்னர் மாற்றப்பட்டது. 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடி நாட்டை வாட்டிய காலத்தில், ஆசிரியைகள் சிலர் சேலையை விடுத்து வேறு எளிய உடையில் பாடசாலைக்கு வந்தனர். ஆசிரியைகளின் உடையில் மாற்றமில்லை என்று கல்வி அமைச்சு அறிவித்தது.

இம்மூன்றையும் வெவ்வேறு வழக்குகளாகப் பேசி நாம் மறந்துவிட்டோம். ஒன்றை மத வழக்கென்றோம். மற்றொன்றைப் பாதுகாப்பு வழக்கென்றோம். பிறிதொன்றைச் சிக்கன வழக்கென்றோம். என் சிற்றறிவுக்கு எட்டியவரை மூன்றும் ஒரு வினாவின் கிளைகளே. ஒருவர் உடுத்த துணிக்கு இதுதான் பொருள் என்று எழுதிவைக்கும் உரிமை யாருக்கு உரியது? உடுத்தவருக்கா, பார்ப்பவருக்கா, ஆணையிடுபவருக்கா? அன்றாடம் நம் வீட்டிற் புழங்கும் துணியைக் கொண்டே இவ்வினாவை ஆராய்தல் கூடும். அதற்குமுன், எழுத்தையே பொறித்த துணியொன்று இந்துமாகடலின் மறுகரையில் இருக்கின்றது. அதனை ஒருமுறை கண்டு வருவோம்.

தன்சானியா, கெனியா, சன்சிபார் ஆகிய கிழக்காபிரிக்க நிலங்களிற் பெண்கள் உடுக்கும் துணிக்குக் கங்கா என்று பெயர். நம் கங்கை நதிக்கும் அதற்கும் உறவில்லை. சுவாகிலி மொழியிலே கங்கா என்பது கினிக்கோழியைக் குறிக்கும். புள்ளியிட்ட பழைய அச்சுத் துணிகள் அக்கோழியின் இறகைப் போலத் தோன்றியதால் இப்பெயர் வந்தது என்பர். லேசோ என்பது அதன் மற்றொரு பெயர். கைக்குட்டையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடைகளில் வெட்டப்படாமற் சுருளாக வந்த கைக்குட்டைத் துணியில் ஆறு கைக்குட்டை நீளத்தை அக்கரைப் பெண்கள் வாங்கினர். அதனை மும்மூன்றாக இரு கீற்றாக்கி, ஒன்றோடொன்று தைத்து உடுத்தனர். பிறர் முகந்துடைக்க நெய்த துணியிலிருந்து தமக்கென்று ஓர் ஆடையை அவர்கள் ஆக்கிக்கொண்டனர் என்பது கருதற்பாலது.

பின்னர் வணிகர் அவ்வளவிலேயே ஒற்றைத் துணியாக அச்சிடலாயினர். நான்கு புறமும் கரை. நடுவே பெரியதோர் உருவம். அதன் கீழே ஒரு வரி வாசகம். அவ்வாசகம் பழமொழியாக இருக்கும், விடுகதையாக இருக்கும், ஆசியாக இருக்கும், ஊடலாகவும் இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொம்பாசா நகரிற் கடை நடத்திய காதர்தீனா ஹாஜி ஈசாக் என்னும் இந்திய வம்சாவளி வணிகர் இவ்வாசக வழக்கைப் பரப்பியவர் என்று சொல்வர். முதலில் அரபு எழுத்திலும் பின்னர் உரோமன் எழுத்திலும் அவை பொறிக்கப்பட்டன. கங்கா எப்பொழுதும் இணையாகவே விற்கப்படும். ஒன்று இடைக்கு; மற்றொன்று தலைக்கும் தோளுக்கும். நக்கீரனார் கண்ட கணக்கு அக்கரையிலும் பொருந்துகின்றது.

அத்துணி செய்யாத வேலை இல்லை. குழந்தை பிறந்தால் அதிலே ஏந்துகின்றனர். வளர்ந்தால் அதனாலே முதுகிற் கட்டிச் சுமக்கின்றனர். குடஞ் சுமக்கும் பெண்ணின் தலையில் அது சும்மாடு. அடுப்படியில் அது முன்றானை, உறங்கும்போது போர்வை, மணப்பெண்ணுக்குச் சீர், இறந்தவர்க்குப் போர்த்தும் துணி. இவற்றினும் மேலாக, வாய்திறந்து சொல்லவொண்ணாததை அது சொல்லும். மாமியாரோடு நேர்நின்று பேச இயலாத மருமகள் தக்க வாசகமுள்ள கங்காவை உடுத்து முற்றத்தில் நடந்தாற் போதும். கேட்க வேண்டியவர்க்கு அது கேட்டுவிடும். சொன்னவள் என்று எவரும் அவளைக் குற்றஞ்சாட்டவும் முடியாது.

கங்காவுக்கு இதனினும் ஆழமான வரலாறு ஒன்று உண்டு. 1897ஆம் ஆண்டிலே சன்சிபாரில் அடிமை முறையின் சட்ட நிலை ஒழிக்கப்பட்டது. அதற்குமுன் அடிமைப் பெண்கள் சாயமேற்றாத முரட்டுத் துணியையும் கருநீலத் துணியையுமே உடுத்து வந்தனர். கண்டவுடன் இவள் அடிமை என்று அறிவித்தது அவ்வுடை. விடுதலை பெற்ற பெண்கள் முதலில் விரும்பி வாங்கிய பொருள்களுள் ஒன்று வண்ணக் கங்கா. பழைய துணியிலே ஆண்டையின் எழுத்து இருந்தது. புதிய துணியில் தாம் விரும்பிய வாசகம் இருந்தது. விடுதலைப் பத்திரத்தை அரசு தாளில் எழுதிற்று என்றால், அப்பெண்கள் அதனைத் துணியில் எழுதி ஊரறிய உடுத்தனர் எனலாம்.

இனி நம் கொழும்புக்கு வருவோம். இங்கே கங்காவுக்கு நிகரான துணி எது என்று தேடினால், சாரமே முன்வந்து நிற்கின்றது. தமிழகத்தார் கைலி என்றும் லுங்கி என்றும் வழங்குவதனை நாம் சாரம் என்போம். சிங்களவர் சரம என்பர். உறை என்னும் பொருளுடைய சாருங் என்ற மலாய்ச் சொல்லே இரண்டுக்கும் மூலம். ஒல்லாந்தர் காலத்தில் சாவகத்திலிருந்து போர்வீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கொழும்பில் வாழ்கின்றனர். அதே மலாய் மொழியில் கட்டமிட்ட சாரத்துக்குக் கைன் பெலிக்காட் என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காட்டின் திரிபு. சொல் அங்கிருந்து இங்கு வந்தது. துணி இங்கிருந்து அங்கு சென்றது. கலிங்க நாட்டின் பெயரால் கலிங்கம் என்று ஆடையை அழைத்த மொழியினர்க்கு இது புதுமையன்று. துணிக்கு ஊர்ப்பெயர் ஒட்டும். ஆனால் துணி ஓரூரில் நில்லாது.

கொட்டாஞ்சேனையில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். துறைமுகத்தில் இரவுவேலை முடித்து வருவோர், மீன் வாங்கச் செல்வோர், தேநீர்க் கடை வாயிலிற் பத்திரிகை படிப்போர் யாவரும் சாரத்தில் நிற்பர். புறக்கோட்டைத் தெருக்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் சாரத்தை மடித்துக் கட்டி, மற்றொரு துணியைத் தலையிற் சும்மாடாகச் சுற்றியிருப்பர். வெள்ளவத்தையில் மாடிவீடுகளின் பலகணிகளிலே காலைதோறும் காய்வன சாரங்களே. குளிக்கும்போது அது மறைப்பு. உறங்கும்போது கழுத்துவரை இழுத்த போர்வை. மழை வந்தால் தலைக்குக் குடை. சந்தையில் முடிந்துகொண்டால் பை. கிழிந்தால் கரிச்சட்டி பிடிக்கும் துணி. பின்னும் கிழிந்தால் நிலந்துடைக்கும் துணி. பெண்களின் பழைய நூற்சேலைக்கும் இவ்வாறே ஒரு வாழ்வு உண்டு. வளையில் ஏணையாகத் தொங்கி மூன்று தலைமுறையை அது உறங்கவைக்கும். பச்சைக் குழந்தையின் உடலுக்கு அதனினும் மெல்லியது வேறில்லை. வெயிலில் விரித்தால் வடகம் காயும் பாய். மெலிந்த நோயாளியின் அடியில் மடித்த மெத்தை. பழைய வேட்டியோ கடைசியில் திரியாகத் திரிந்து சுவாமி விளக்கில் எரியும்.

சாரத்துக்குத் தனியாக ஒரு பெருமை உண்டு. அது தன்னை உடுத்தவர் இன்ன மொழியினர், இன்ன மதத்தினர் என்று சொல்லாது. சிங்களவரும் முஸ்லிம்களும் மலாயரும் தமிழரும் தத்தம் வீட்டிற்குள் ஒரே விதமாக அதனை இடுப்பிற் செருகுகின்றனர். இப்பெருமையின் விலையை நம்மவர் குருதியால் அறிந்தனர். 1958இலும் 1983 ஜூலையிலும் இந்நகரத் தெருக்களிலே வேட்டியும் பொட்டும் திருநீறும் உடுத்தவரின் மொழியைப் பிறருக்கு அறிவித்தன. பெண்கள் பொட்டை அழித்தனர். ஆடவர் வேட்டியைக் களைந்து சாரத்தையோ காற்சட்டையையோ அணிந்து வெளியேறினர். வேட்டியில் எக்குற்றமும் இல்லை. அதனை உடுத்தவரும் அதில் எதனையும் எழுதவில்லை. எழுதியது தெருவில் நின்ற கும்பல். அதனைப் படித்ததும் அக்கும்பலே. ஒரு துணியின் பொருளை உடுத்தவரிடமிருந்து பறித்துப் பிறர் எழுதத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

எனினும் பிறரையே குறைகூறி அமைதல் நேர்மையாகாது. நம் சமூகமும் துணியில் எழுதிய சமூகமே. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் தோளில் மேலாடை இடுவதற்கும் தடையிருந்த காலம் மிகத் தொலைவில் இல்லை. தென் திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல ஆண்டு போராடினர். 1859ஆம் ஆண்டிலேதான் அரசாணை இணங்கிற்று. கணவனை இழந்த பெண்ணுக்கு வெள்ளைச் சேலையை வகுத்தவர் யார்? அவள் வாய்திறவாமுன்னரே அவள் துணி அவளைப் பற்றிச் சபையில் அறிவித்துவிடுகின்றது. சன்சிபார்ப் பெண் தான் சொல்ல விரும்பியதைத் தன் கங்காவில் உடுத்தாள்; நம் கைம்பெண்ணோ ஊரார் எழுதியதை உடுத்தாள். இரண்டும் பேசும் துணிகளே. பேசும் குரல் யாருடையது என்பதிலேதான் வேறுபாடு.

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்வோர்க்கு நான் கண்ட நிகழ்ச்சியொன்றைக் கூறுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், கொழும்பிலுள்ள பாடசாலையொன்றுக்கு ஒரு கூட்டத்தின் பொருட்டுச் சென்றிருந்தேன். மகனுடைய அனுமதி பற்றி அதிபரைக் காண ஒரு தந்தை வாயிலில் நின்றார். துறைமுகத் தொழிலாளி, துவைத்த சாரமும் வெள்ளை மேற்சட்டையும் அணிந்திருந்தார். "ஐயா, சாரத்தோட உள்ளுக்கு விட ஏலாது, உடுப்பு மாத்திக்கொண்டு வாங்க" என்றான் காவலன். "தம்பி, ராவெல்லாம் வேலை செஞ்சிட்டு நேரே வாறன். அஞ்சு நிமிசம் பேசினாப் போதும்" என்றார் அவர். காவலன் கொடியவனல்லன், தனக்கிட்ட கட்டளையைச் சொன்னான். அவர் திரும்பிப் போனார். மறுநாள் அயலாரிடம் இரவல் வாங்கிய காற்சட்டை இடுப்பில் நில்லாமல் நழுவ, அதனை ஒரு கையாற் பிடித்தபடி வந்தார் என்று பின்னர்க் கேள்வியுற்றேன்.

அன்று வேட்டியும் சால்வையுமாக அவ்வாயிலைக் கடந்த என்னை எவரும் தடுக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். தைக்காத வெள்ளைத் துணி உள்ளே செல்லலாம். தைத்த வண்ணத் துணி வெளியே நிற்க வேண்டும். இதில் ஒழுக்கம் எங்கே இருக்கின்றது? உடலை மறைப்பதில் என் வேட்டியினும் அவர் சாரம் ஒரு மடங்கு உறுதியானது. தடுக்கப்பட்டது துணியன்று, அத்துணியின்மீது எழுதப்பட்டிருந்த தொழிலும் வறுமையுமே. 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையும் இக்கண்கொண்டு மீண்டும் பாருங்கள். ஆண்களுக்கு அது அனுமதித்தது காற்சட்டையை அல்லது தேசிய உடையை. தேசிய உடை என்பது வெள்ளைச் சாரமும் நீண்ட வெள்ளைச் சட்டையும். தேசத்து மக்களிற் பெரும்பாலோர் வீட்டில் உடுக்கும் வண்ணச் சாரமோ தேசிய உடையாகக் கொள்ளப்படவில்லை. மேடையேறுவோரின் சாரம் தேசத்தைக் குறித்தது. மூட்டை சுமப்போரின் சாரம் வாயிலில் நின்றது.

இங்கே ஒரு தடை எழும். பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டாவா, சீருடை தீதா என்று அன்பர்கள் வினவலாம். ஆசிரியனாகிய நான் சீருடையின் நன்மையை நாள்தோறும் காண்கின்றேன். ஒரே வெள்ளைச் சட்டை அணிந்து நாற்பது மாணவர் அமர்ந்திருக்கும்போது, இவன் தந்தை வணிகர், அவன் தந்தை கூலியாள் என்று எவரும் படிக்க இயலாது. 1990களின் தொடக்கத்திலிருந்து அரசாங்கம் மாணவர்க்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருவதும் இந்நன்மை கருதியே. சீருடை, துணியிலிருந்த வறுமையின் எழுத்தை அழிக்கின்றது. வாயிற்காவலோ அவ்வெழுத்தை உரக்கப் படிக்கின்றது. இவ்விரண்டையும் ஒழுங்கு என்னும் ஒரே சொல்லால் அழைத்தல் பொருந்தாது. ஆடை பற்றிய விதி எதுவாயினும் அதனை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அவ்விதி எளியவரை உள்ளே அழைக்கின்றதா, வெளியே நிறுத்துகின்றதா என்று பார்த்தாற் போதும்.

ஆசிரியைகளின் சேலை வழக்கையும் இக்கோலால் அளந்து பார்க்கலாம். சேலை அழகியது, நம் பண்பாட்டிற் பெருமை வாய்ந்தது, அதனை விரும்பி உடுக்கும் ஆசிரியைகள் பலர். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டிற்று. அந்நிலையிலே பேருந்தில் தொங்கிச் செல்லும் ஓர் ஆசிரியை, மாதம் முழுவதும் மாற்றியுடுக்கச் சேலையும் அதற்கேற்ற சட்டையும் வாங்க வேண்டியிருந்தது. அவள் கேட்டது சேலையை ஒழிக்கும்படியன்று. தான் தெரிவு செய்யும் உரிமையை. விரும்பி உடுத்த சேலை பண்பாடு. ஆணையால் உடுத்த சேலை வெறும் சீருடை. அச்சீருடைக்கோ எவரும் இலவசத் துணி வழங்கவில்லை.

துணியில் எழுதுவோர் ஆணையிடுவோர் மட்டுமல்லர், அரசியலாரும் எழுதுவர். 2015ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தற் காலத்திலே, தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் நிதியிலிருந்து 60 கோடி ரூபாவைச் செலவிட்டுச் சில் அனுட்டிப்போர்க்கு வெள்ளைத் துணி விநியோகித்தார்கள் என்று இரு மூத்த அதிகாரிகள்மீது வழக்கு எழுந்தது. 2017இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது; 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. நீதிமன்றத்தின் முடிவை ஆராய்வது நம் நோக்கமன்று. விரதத்துக்கு உடுக்கும் வெள்ளைத் துணியும் தேர்தற் களத்துப் பொருளாகக்கூடும் என்பதே கருதத்தக்கது. கங்காவும் இதற்கு விலக்கன்று. தன்சானியாவில் தேர்தல் வந்தாற் கட்சியின் நிறமும் தலைவரின் உருவமும் பொறித்த கங்காக்கள் பெருகும். மருமகளின் வாசகம் இருந்த இடத்திலே தலைவரின் வாசகம் வந்து அமர்ந்துவிடும்.

இனி, துணியை ஆக்குவோர் பக்கமும் நோக்குவோம். வெள்ளவத்தை என்றாற் கடற்கரையும் கோயில்களும் கடைத்தெருவுமே இன்று நினைவுக்கு வரும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நெடுங்காலம் அவ்வூரின் பெயர் துணியோடு சேர்ந்தே ஒலித்தது. வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இந்நாட்டின் பெரிய ஆலைகளுள் ஒன்று. அங்கே உழைத்தோருட் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1933இல் அவ்வாலைத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் நம் தொழிற்சங்க வரலாற்றிலே ஒரு திருப்பம். அதனை முன்னின்று நடத்திய கொல்வின் ஆர். டி சில்வா, இரண்டாண்டின் பின் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரானார். இன்று அவ்வாலை இல்லை. அது நின்ற நிலத்திலே ஹவ்லொக் சிட்டி என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு வானளாவி நிற்கின்றது. தறியோசை கேட்ட இடத்தில் மின்தூக்கியின் ஓசை கேட்கின்றது.

ஆலைக்கு நேர்ந்தது ஒருவிதம்; கைத்தறிக்கு நேர்ந்தது வேறுவிதம். கிழக்கிலே மருதமுனையும் காத்தான்குடியும் சாரம் நெய்வதிற் பெயர்பெற்ற ஊர்கள். 1977இல் இறக்குமதிக் கதவு அகலத் திறக்கப்பட்டபோது, விசைத்தறியில் நெய்த மலிந்த துணியோடு போட்டியிட முடியாமல் நாடெங்கும் கைத்தறி நெசவாளர் பலர் தறியைக் கைவிட்டனர். 2004 டிசம்பரில் கடற்கோள் மருதமுனையைச் சூறையாடிற்று. 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது, இறக்குமதி செய்யும் நூலும் சாயமும் நெசவாளர் கைக்கு எட்டாத விலையாயின. அவர்கள் நெய்யும் சாரத்தையே அலுவலக வாயில் மறுக்கின்றது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். உடுக்குமிடம் குறையக் குறைய நெய்யுமிடமும் குறையும்.

இதற்கு நேர்மாறாக, தைத்த ஆடையில் இலங்கை உலகறிந்த நாடு. 1978இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து ஊர்ப்புறத்துப் பெண்கள் பல்லாயிரவர் தையற் பொறிகளின்முன் அமர்ந்தனர். நம் பண்ட ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடையாலே வருகின்றது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்தபோது முதலில் நடுங்கியவர்கள் அப்பெண்களே. அது ஜூலையில் 30 வீதமாகவும் ஓகஸ்டில் 20 வீதமாகவும் இறங்கியபின்னரே மூச்சு வந்தது. அதே 2025இல் நம் பாடசாலை மாணவரின் சீருடைத் துணி முழுவதும் சீன நாட்டின் நன்கொடையாக வந்தது. கொடுத்த நாட்டுக்கு நன்றி கூறுதல் கடமை. ஆயினும், உலகுக்கெல்லாம் ஆடை தைத்து அனுப்பும் நாடு தன் பிள்ளைகளுக்கு உடுத்தத் துணிக்குக் கையேந்தி நின்றது சிந்தித்தற்குரியது. நம் பெண்கள் தைத்த ஆடையின் கழுத்தில் பிறர் பெயர் பொறித்த சீட்டுத் தொங்குகின்றது. தைத்தவள் பெயரை எவரும் எழுதுவதில்லை.

இவ்வாறெல்லாம் பிறர் எழுதிய துணியை என் செய்வது? இதற்கு மேற்காபிரிக்காவிலிருந்து ஒரு விடை கிடைக்கின்றது. சென்னைப் பகுதியிலே கைத்தறியில் நெய்த கட்டமிட்ட துணி, சென்னைக் கைக்குட்டை என்னும் பெயரால் நூற்றாண்டுகளாக நைஜீரியாவுக்குச் சென்றது. அங்கே நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி இனப் பெண்கள் அதனை வாங்கியவாறே உடுப்பதில்லை. கூரிய கத்தியால் அங்கங்கே நூலை வெட்டி, வெட்டியதை உருவியெடுத்து, பழைய கட்டத்தினுள்ளே தமக்குரிய புதிய கோலத்தைத் தோற்றுவிப்பர். துணி நம்முடையது, கோலம் அவர்களுடையது. துணித்தலும் அறுத்தலும் ஆடைக்குப் பெயரான மொழி நம்முடையது. நூலை அறுத்துத் தம் எழுத்தை எழுதும் கலையோ அப்பெண்களுடையது.

நாம் அறுக்க வேண்டிய நூல்கள் சிலவே. பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும், தூய்மையாக உடுத்து வரும் ஒருவரைச் சாரம் என்பதற்காக வாயிலில் நிறுத்தும் வழக்கம் ஒழிதல் வேண்டும். வரி செலுத்துபவர் உடுக்கும் துணி அவ்வரியால் நடக்கும் இடத்துக்கு ஆகாததாக இருத்தல் முறையன்று. ஆசிரியைகளின் கண்ணியத்தை அவர்தம் தெரிவுக்கே விடுதல் வேண்டும். கைம்பெண்ணின் துணியை ஊரார் படிப்பதை நிறுத்தல் வேண்டும்; இதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை, நம் வீட்டு மணவறையில் அவளை முன்வரிசைக்கு அழைத்தாலே போதும். மருதமுனையிலே ஒரு தறி நின்றுபோனால் அது கிழக்கின் இழப்பு மட்டுமன்று. நான்கு இனத்தாரும் ஒருங்கே உடுக்கும் துணியொன்றின் இழப்பு என்று உணர்தல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல். துகில், கலிங்கம், அறுவை, தூசு, கூறை எனத் துணியைக் குறிக்கும் சொற்களை நிகண்டிற் பார்த்து மனனம் செய்கின்றீர்கள். அச்சொற்களோடு சாரம் என்ற சொல்லையும் சேர்த்தெழுதுங்கள். அது மலாய்க் கடல் தாண்டி வந்த சொல்லாயினும், பழவேற்காட்டுத் தறியோடும் கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் வியர்வையோடும் உறவுகொண்டுவிட்டது. ஒரு சொல் பல நிலத்தாரை ஏற்று வளர்கின்றது போலவே, ஒரு வாயிலும் பல துணிகளை ஏற்று அகலும். உடுத்தவர் தம் துணியிலே தாமே எழுதும் நாளில், அதனைப் பிறர் அச்சத்தோடும் இகழ்ச்சியோடும் படிக்க வேண்டிய நிலை நீங்கும்.